கொசுறுக்கும் ஒரு விலை இருக்கு!

ஒரு சின்னக் கேள்வி ஃப்ரெண்ட்ஸ்... கறிவேப்பிலைக்குன்னு தனியா காசு எடுத்து நீட்டி, கடைசியா எப்போ வாங்குனீங்க?

ஞாபகம் வராது. ஏன்னா, நம்ம ஊரில் கறிவேப்பிலை வாங்குற பொருளே இல்லை. அது கொசுறு! அரைக் கிலோ தக்காளி, கால் கிலோ வெண்டைக்காய் எல்லாம் நிறுத்து வாங்கிவிட்டு, பையை மூடுவதற்கு முன் ‘அண்ணே, கொஞ்சம் கறிவேப்பிலை போடுங்க’ என்போம். அவரும் ரெண்டு கொத்து பிய்த்துப் போடுவார். அதையும் சாப்பிடும்போது தட்டு ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிடுவோம். ஓசியில் வந்த பொருளுக்கு அவ்வளவுதான் மரியாதை!

இதில் எனக்கு என்ன கஷ்டம் என்றால், எங்க அம்மா விற்பதே அதைத்தான்.

மதுரையை ஒட்டிய ஒரு ஊரில் எங்கள் வீடு. பின்னால் 5 சென்ட் கொல்லை. கறிவேப்பிலை மரங்கள், நாலு பாத்தி கீரை, ரெண்டு வரிசை கத்தரி, பச்சை நிழல்வலைக்குக் கீழே குழித்தட்டில் மிளகாய், தக்காளி நாத்து, பைகளில் வளரும் கறிவேப்பிலைக் கன்றுகள்... எல்லாம் அம்மாவின் ராஜ்ஜியம். ஞாயிற்றுக்கிழமை காலையில் டவுனில் கூடும் ஒரு சின்னச் சந்தையில் கடை போடுறாங்க. வீட்டில் விளைஞ்சதை நேரடியா விற்கிறவங்களுக்கான சந்தை அது. நான் தராசு பிடிப்பேன், க்யூ.ஆர். அட்டையைத் தூக்கிக் காட்டுவேன், மீதிச் சில்லறை எண்ணிக் கொடுப்பேன். இன்ஜினீயரிங் மூணாவது வருஷம் படிக்கிறவனுக்கு இதைவிட நல்ல ‘ப்ராக்டிகல் கிளாஸ்’ கிடையாது, நம்புங்க!

ரெண்டு மாசத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை ராத்திரி, கீரைக் கட்டு கட்டிக்கொண்டே அம்மா கேட்டாங்க. “டவுன்ல ஒரு துணிக்கடையில ஆள் எடுக்குறாங்களாம்டா. மாசம் பத்தாயிரம். நீதான் பெரிய படிப்பு படிக்கிறியே... இந்தக் கொல்லையால நமக்கு லாபமா, நஷ்டமான்னு ஒரு கணக்குப் போட்டுச் சொல்லு. நஷ்டம்னா நான் கடை வேலைக்கே போயிடுறேன்.”

டி.வி. பார்த்துக்கொண்டிருந்த அப்பா திரும்பாமலே சொன்னார். “அது உனக்குப் பொழுதுபோக்குதானே... அதுக்கு என்ன கணக்கு?”

அம்மா பதில் சொல்லவில்லை. வாழைநாரைக் கொஞ்சம் இறுக்கி முடிச்சுப் போட்டாங்க. அவ்வளவுதான். எனக்குத்தான் அந்த ‘பொழுதுபோக்கு’ என்ற வார்த்தை தூங்க விடவில்லை. மறுநாள் காலையிலேயே நோட்டும் பேனாவுமாக சந்தைக்குப் போய் உட்கார்ந்தேன்.

விலையை யார் வைக்கிறது?

காய்கறி விலை விஷயத்தில் நம்ம மதுரைக்கு ஒரு பெருமை உண்டு. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14-ம் தேதி திறக்கப்பட்டது இங்கேதான், அண்ணா நகரில். அதற்கு முன்பே பஞ்சாபில் 1987-ல் ‘அப்னி மண்டி’யும், ஆந்திராவில் 1999 ஜனவரியில் ‘ரைத்து பஜா’ரும் வந்துவிட்டன. மூன்றுக்கும் ஐடியா ஒண்ணுதான். விளைவிக்கிறவருக்கும் சமைக்கிறவருக்கும் நடுவில் நிற்கிற ஆட்களைக் குறைப்பது.

உழவர் சந்தையில் விற்க விவசாயிக்கு அடையாள அட்டை வேண்டும். கடைக்கு வாடகை கிடையாது. எலெக்ட்ரானிக் தராசும் அங்கேயே தருவார்கள். தினமும் காலையில் மார்க்கெட் நிலவரம் பார்த்து, அதிகாரிகளும் விவசாயிகளும் சேர்ந்து விலையை முடிவு செய்து போர்டில் எழுதிவிடுவார்கள். மொத்த விலையைவிட சுமார் 20 சதவீதம் மேலே, வெளிக் கடைச் சில்லறை விலையைவிட சுமார் 15 சதவீதம் கீழே என்பது அதன் பொதுவான கணக்கு. விற்கிறவருக்கும் லாபம், வாங்குறவருக்கும் லாபம். சூப்பர் சிஸ்டம்தான்!

ஆனால் ஒண்ணு கவனிச்சீங்களா? அந்தப் போர்டு பார்ப்பது எல்லாம் மற்ற மார்க்கெட்டின் விலையைத்தான். ‘இதை விளைவிக்க உனக்கு எவ்வளவு ஆச்சு?’ என்று அது கேட்பதில்லை. பெரிய மார்க்கெட்டில் தக்காளி விலை படுத்தால், போர்டில் இருக்கிற தக்காளியும் கூடவே படுத்துக்கொள்ளும்.

வாரச் சந்தை வேறு கதை. அங்கே போர்டு கிடையாது. உள்ளாட்சி ஏலம் விடும், ஏலம் எடுத்தவரின் ஆள் வந்து சுங்கம் வாங்கிப்போவார். விலை அவரவர் பாடு. எங்கள் ஞாயிறு சந்தையும் கிட்டத்தட்ட அப்படித்தான். இடத்துக்கு 100 ரூபாய், விலை உங்கள் இஷ்டம். கேட்கும்போது சுதந்திரம் மாதிரி இருக்கும். உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்... முதல் ஆள் வந்ததும், “இன்னும் போணியே ஆகலையா? அப்போ எனக்குப் பாதி விலைக்குக் குடுங்க. நான் கைராசிக்காரன்!” என்பார். அவர் கைராசிக்கு ஆகிற செலவு நம் தலையில்!

ஆக, சந்தைக்குள் காலை வைப்பதற்கு முன்பே நமக்கு ஒரு கீழ் எல்லை தெரிந்திருக்க வேண்டும். இதற்குக் கீழே விற்றால் கைக்காசு போகும் என்கிற எல்லை. மேல் எல்லையை அடுத்த கடையும் வாங்குறவர் பர்ஸும் முடிவு செய்யும். பேரம் எல்லாம் இந்த ரெண்டுக்கும் நடுவில்தான்.

நோட்டில் இல்லாத ஒரு வரி

ஒரு மாதம் எழுதிப் பார்த்து, சராசரியாக ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இவ்வளவு என்று எடுத்தேன். கீரை 40 கட்டு, கட்டு 15 ரூபாய், ஆக 600. கறிவேப்பிலை 50 கட்டு, 10 ரூபாய் வீதம் 500. கத்தரி 8 கிலோ, 40 ரூபாய் வீதம் 320. கறிவேப்பிலைக் கன்று 8, ஒண்ணு 40 ரூபாய், ஆக 320. நாத்து, அஞ்சு கொண்ட செட் 20 ரூபாய், 15 செட்டுக்கு 300. மொத்தம் 2,040 ரூபாய்.

செலவு? விதை 80. மண்புழு உரமும் தென்னை நார்க்கழிவும் 180. பையும் கப்பும் 120. புண்ணாக்கு, வேப்பெண்ணெய் 60. போக வர ஆட்டோ 300. இடத்துக்கு 100. டீ, டிபன் 80. வாழைநார், பேப்பர் 20. மொத்தம் 940.

மிச்சம் 1,100 ரூபாய். “பரவால்லையே... லாபம்தான்” என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

நான் நோட்டைத் திருப்பிக் காட்டினேன். செலவுப் பட்டியலில் ஒரு வரி இல்லை. தண்ணீர் ஊற்ற, களை எடுக்க, உரம் கலக்க, பூச்சி பார்க்க தினமும் 2 மணி நேரம். ஆறு நாளைக்கு 12. சனிக்கிழமை சாயங்காலம் பறித்து, அலசி, கட்டுப் போட 4. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் கிளம்பித் திரும்பி வர 7. அம்மாவுக்கு மட்டும் வாரத்துக்கு 23 மணி நேரம்!

“அம்மா கூலின்னு ஒரு வரி எழுதணும்மா.”

“எனக்கு நானே கூலி கொடுத்துக்குவேனா? போடா!” சிரித்துவிட்டாங்க. கொஞ்ச நேரம் கழித்து, “சரி, எவ்வளவு வருது?” என்று கேட்டாங்க.

1,100-ஐ 23 ஆல் வகுத்தால் மணிக்குச் சுமார் 48 ரூபாய். துணிக்கடைக் கணக்கையும் போட்டேன். தினம் 10 மணி நேரம், மாசம் 26 நாள், 260 மணி நேரம். 10,000 ரூபாயை வகுத்தால் மணிக்குச் சுமார் 38 ரூபாய். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் இல்லை என்பதால் போக்குவரத்துச் செலவு கிடையாது. 2021-லேயே தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனாலும் கஸ்டமர் வரும்போது நின்றுதானே ஆகவேண்டும்?

‘ஆஹா, கொல்லைதான் ஜெயிச்சுது!’ என்று துள்ளாதீங்க. என்னுடைய 9 மணி நேரத்தையும் சேர்த்தால் 32 மணி நேரம். மணிக்கு 34 ரூபாய் சொச்சம்தான். அதுமட்டுமல்ல, மளிகைக் கடைக்காரர் நம்மிடம் மணிக்கு எவ்வளவு என்று கேட்க மாட்டார், மாசம் எவ்வளவு என்றுதான் கேட்பார். மாசத்துக்கு நாலு ஞாயிறு வைத்தால் 4,400. அங்கே 10,000. கணக்கு சுலபமாகத் தீர்ப்பு சொல்லிவிடவில்லை. ஆனால் ஒண்ணு நடந்தது. அன்று அப்பா நோட்டை வாங்கி முழுசாகப் படித்தார். அதற்குப் பிறகு ‘பொழுதுபோக்கு’ என்ற வார்த்தை எங்கள் வீட்டில் வரவில்லை.

ஆசையும் அடுப்பும்

கூலியை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அது நம்ம வீட்டு விஷயம் மட்டும் இல்லை.

எங்கள் கடைக்கு இடப்பக்கம் ஒரு அக்கா. அவங்க முழு வருமானமும் கீரையில்தான். ரெண்டு பிள்ளைகள் படிக்கிறாங்க. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாடித்தோட்டம் வைத்திருக்கும் ஒரு தம்பதி எங்கள் எதிரே கடை போட்டாங்க. நல்ல வேலையில் இருப்பவர்கள். ரொம்ப நல்ல மனுஷங்களும்கூட. அவங்க போர்டில் எழுதியிருந்தது: ‘கீரை எதை எடுத்தாலும் 5 ரூபாய்’. கேட்டதற்கு, “வீட்ல சும்மா வளர்ந்ததுதானே... வீணாப் போறதுக்கு நாலு பேர் சாப்பிடட்டுமே” என்றார் அந்த அண்ணன்.

சும்மா! இந்த ஒரு வார்த்தை அன்றைக்கு அந்த அக்காவுக்கு என்ன செய்தது தெரியுமா? எட்டு மணிக்குள் எதிர்க் கடை காலி. ஆனால் அவங்க கிளம்பிய பிறகும் அந்த 5 ரூபாய் கிளம்பவில்லை. வந்தவர்கள் எல்லாம், “அங்க அஞ்சு ரூபாதான்... நீங்க மட்டும் என்ன பதினஞ்சு?” என்றார்கள். பத்தரை மணிக்கு அக்காவிடம் பாதிக் கீரை அப்படியே இருந்தது.

“பேசிப் பார்க்கலாமாக்கா?” என்றேன்.

“பாவம், அவங்க மேல என்ன தப்பு தம்பி? அவங்களுக்கு அது ஆசை. எனக்கு அடுப்பு.”

அக்கா வேண்டாம் என்றாலும், அடுத்த வாரம் அம்மா போய் அந்தத் தம்பதியிடம் பேசினாங்க. சண்டை போடவில்லை. “நீங்க விலையை ஏத்த வேணாம்ங்க. விக்கிறதா இருந்தா எங்க விலைக்கு வில்லுங்க. சும்மா குடுக்கணும்னு ஆசைன்னா பக்கத்துல ஆதரவற்றோர் இல்லம் இருக்கு, அங்க குடுங்க. பாதி விலைங்கிறது ரெண்டும் இல்லாம இருக்குல்ல?” அந்த அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு போர்டை அழித்து 15 என்று எழுதினார். விற்காமல் மீந்ததை அந்த இல்லத்துக்கே கொடுத்தார்.

நம்ம உழைப்புக்குப் பூஜ்யம் போட்டு நாம் விலை வைத்தால், பக்கத்தில் அதே உழைப்பை நம்பி உட்கார்ந்திருப்பவரின் கூலியையும் சேர்த்து பூஜ்யம் ஆக்குகிறோம். எகனாமிக்ஸ் புரொஃபசர் ஒரு செமஸ்டர் பூரா சொன்னது எனக்கு அந்தப் பத்தரை மணிக்குத்தான் புரிந்தது.

கடிகாரமும் காலண்டரும்

சரி, விலை எப்படி வைப்பது? நாங்கள் இப்போது செய்வதைச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் தோட்டம் இருந்தால் உதவும்.

முதல் விஷயம், விதைத்ததை வைத்து வகுக்காதீங்க, விற்றதை வைத்து வகுங்க. எங்கள் குழித்தட்டில் 98 குழி. ஒரு தட்டுக்கு 90 ரூபாய் செலவு என்று வையுங்கள். 98 ஆல் வகுத்தால் ஒரு நாத்து 92 காசு. ஆனால் சிலது முளைக்காது, சிலது வாடும், சிலது விலை போகாது. கடைசியில் கைமாறுவது 75 தான். அப்போ அடக்க விலை 1 ரூபாய் 20 காசு. அதன் மேல்தான் கூலி, ஆட்டோ, இடத்துக் காசு எல்லாம் உட்காரும்.

ரெண்டாவது, கீரைக்குக் கடிகாரம், செடிக்குக் காலண்டர். கீரை காலை ஆறு மணிக்கு ராஜா, பதினொரு மணிக்கு வாடின ராஜா. அதனால் பத்தரைக்கு மேல் ‘ரெண்டு கட்டு 20’ என்று இறங்கிவிடுவோம். கன்றுக்கு அந்த அவசரம் இல்லை. விதையிலிருந்து விற்கிற அளவுக்கு வளரவே எங்களுக்கு ஒரு வருஷம் ஆகிறது. இன்றைக்கு விற்காவிட்டால் வீட்டுக்கு வரும், அடுத்த மாசம் இன்னும் ரெண்டு இலை கூட விட்டு நிற்கும். அதற்கு ஏன் விலையைக் குறைக்கணும்? இன்னொரு கணக்கும் கிடைத்தது. சந்தை நேரத்தைக் கழித்தால் அம்மாவுக்கு வாரம் 16 மணி நேர வேலை. அதில் கன்றுக்கும் நாத்துக்கும் போவது 3 மணி நேரம்தான். ஆனால் விற்பனை 2,040-ல் 620 அதிலிருந்து வருது!

மூணாவது, கூறு. கத்தரியில் கோணல், சின்னது என்று மிச்சம் வரும். கிலோவில் போட்டால் ‘நல்லதா பொறுக்கிக்கிறேன்’ என்பார்கள். அதைத் தனியாகக் கூறு கட்டி ‘கூறு 10 ரூபாய்’ என்று வைத்தால் சண்டையே இல்லை. நிறுத்து விற்பதற்கு முத்திரை போட்ட தராசு வேண்டும். எலெக்ட்ரானிக் தராசு என்றால் வருஷா வருஷம் முத்திரை புதுப்பிக்கணும், மறந்துடாதீங்க.

நாலாவது, ‘இது ஆர்கானிக்கா?’ என்ற கேள்வி. பத்தில் ஆறு பேர் கேட்பார்கள். நேரடியாக விற்கும் சின்ன உற்பத்தியாளருக்கு, வருஷ விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால் சான்றிதழ் கட்டாயம் இல்லை என்று 2017-ம் வருஷ உணவுப் பாதுகாப்பு விதிமுறை சொல்கிறது. ஆனால் சான்றிதழ் இல்லாமல் ‘ஜைவிக் பாரத்’ முத்திரையைப் போட முடியாது. அம்மா முத்திரை எதுவும் போடுவதில்லை. “புண்ணாக்கும் வேப்பெண்ணெயும்தான்மா. வேற எதுவும் அடிக்கிறதில்ல. வீட்டுக்கு வந்து பாருங்க” என்பாங்க. கறிவேப்பிலைக்கு இது ரொம்ப முக்கியம். 2010-களில் இந்தியாவிலிருந்து போன கறிவேப்பிலையை, பூச்சிமருந்து மிச்சம் இருக்கிறதா என்று ஐரோப்பிய யூனியன் கூடுதலாகச் சோதனை போட்ட கதையெல்லாம் உண்டு. எங்கள் கட்டு 10 ரூபாய்க்குப் போவதன் ரகசியம் அதுதான். பொடி அரைக்க, குழந்தைக்குத் துவையல் அரைக்க என்று தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக, கொசுறு. அம்மாவும் கொசுறு கொடுப்பாங்க! ஆனால் விலையைக் குறைக்க மாட்டாங்க. காரணம் கேட்டேன். “விலையக் குறைச்சா அடுத்த வாரமும் அதே விலைக்குத்தான் கேப்பாங்க. ஒரு பச்ச மிளகா சேத்துப் போட்டா, அது இன்னைக்கோட போச்சு. மனசும் குளுந்து போகும்.” எம்.பி.ஏ. படிக்கிற சீனியர்கள் குறித்துக்கொள்ளவும்!

சரி, துணிக்கடை என்ன ஆச்சு?

அம்மா இன்னும் போகவில்லை. ‘மாட்டேன்’ என்றும் சொல்லவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் ஊர் வாரச் சந்தையிலும் நாத்துக் கடை போட ஆரம்பிச்சிருக்காங்க. நடந்து போகிற தூரம், ஆட்டோ செலவு கிடையாது. குழித்தட்டு ஒண்ணு மூணாகியிருக்கிறது. தை மாசம் வரைக்கும் பார்ப்பது என்று முடிவு. அதற்குள் மாசம் 7,000 ரூபாய் கூலியாக நின்றால் கொல்லை. இல்லையென்றால் அம்மா பஸ் ஏறுவாங்க, தண்ணீர் ஊற்றுவது என் வேலை. எந்தப் பக்கம் போகும் என்று எனக்கும் தெரியாது பாஸ். செமஸ்டர் ஃபீஸ் ஜனவரியில் கட்டணும் என்பது மட்டும் ரெண்டு பேருக்கும் தெரியும்.

நோட்டில் இப்போது முதல் வரியே ‘அம்மா கூலி’தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் செலவைக் கழித்துவிட்டு அந்தப் பணத்தைத் தனி டப்பாவில் போட்டு அம்மா கையில் கொடுக்கிறோம். அப்பாதான் எண்ணுகிறார்.

உங்கள் வீட்டிலும் யாராவது ஒருத்தர் மாடியிலோ கொல்லையிலோ ஏதோ வளர்த்துக்கொண்டிருப்பாங்க. ஆட்டுப்பால், முட்டை, மல்லிப் பதியன், வடகம்... எதுவாகவும் இருக்கலாம். இந்த வாரம் ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டு வாங்கிட்டுப் போங்க. ஒரே ஒரு வாரம், அவங்க எத்தனை மணி நேரம் அதில் நிற்கிறாங்க என்று மட்டும் எழுதுங்க. விலை எவ்வளவு வைக்கணும் என்று அதற்குப் பிறகு பேசிக்கலாம்.